மீனா, மீனர், அரீனா

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு 68 வயது. புளியந்தீவில் இருக்கிறேன். மகளும் மருமகனும் லண்டனில். பேத்திக்கு ஏழு வயது. பெயர் மீனா. என்னுடைய அம்மாவின் பெயர் மீனாட்சிப்பிள்ளை. அதைச் சுருக்கித்தான் அந்தப் பெயரை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வட்ஸ்அப்பில் என்னோடு கதைப்பாள். போன கிழமை கதைக்கும்போது அழுதுவிட்டாள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் "மீனா மீனர், மீனா ஹயீனா" என்று பாட்டுக் கட்டிப் பகிடி பண்ணுகிறார்களாம். 'மீனர்' என்றால் மற்றவர்களைவிடக் கெட்ட குணம் கூடினவள் என்று அர்த்தமாம். அவளுடைய ரீச்சர்கூட சில நேரம் 'மீனர்' என்றுதான் சொல்கிறாவாம். மருமகன், பள்ளியில் 'மியா' என்று மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்கிறார். மகளுக்கு மனமில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். மீனா என்ற பெயரோடு ஒத்து ஒலிக்கும் நல்ல ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லையா? எழுத்தை மாற்றினால் சரிவருமா? பிள்ளை அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?

— ஓர் அம்மம்மா, புளியந்தீவு

பதில்:

அன்புள்ள அம்மா,

பெயரை மாற்ற வேண்டாம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை நீங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் அனுப்பிவைப்பீர்கள், அவர்கள் கண்ணில் முதலில் படவேண்டியது இதுதான். காரணங்கள் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ரீச்சரைப் பற்றிய மனத்தாங்கலைத் தீர்த்துவிடுவோம். அவர் பிள்ளையைப் பகிடி பண்ணவில்லை. லண்டன் பக்கத்து ஆங்கிலத்தில், உயிர் ஒலிக்குப் பின்னால் வரும் 'ர்' என்ற ஒலியை விழுங்கிவிடுவார்கள். 'கார்' என்று எழுதியிருக்கும், 'கா' என்பார்கள். 'ரீச்சர்' என்று எழுதியிருக்கும், 'ரீச்ச' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் பரவிய பழக்கம் இது. அதனால் 'மீனர்' என்று எழுதினாலும் அவர்கள் வாயில் அது 'மீன'தான். மீனாவின் கடைசி ஆகாரத்தையும் அவர்கள் குறுக்கி 'மீன' என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் தூரமாக நிற்கும் இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாகிவிடுகின்றன.

அப்படியென்றால் ரீச்சர் சொல்வதில் 'ர்' எங்கிருந்து வந்தது? விழுங்கிய 'ர்', அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வெளியே வந்துவிடும். 'கா' என்று தனியாகச் சொல்பவர், அடுத்து 'இஸ்' வந்தால் 'காரிஸ்' என்பார். இந்தப் பழக்கம் நாக்கில் ஊறி ஊறி, எழுத்தில் 'ர்' இல்லாத சொற்களுக்கும் தொற்றிவிட்டது. 'சைனா இஸ்' என்பது 'சைனரிஸ்' ஆகும். 'மீனா அன்ட் டொம்' என்பது 'மீனரன்ட் டொம்' ஆகும். பேசுகிறவருக்குத் தான் அப்படிச் சொல்வதே தெரியாது.

தமிழில் நாமும் இதைத்தான் செய்கிறோம். மீனாவை, மீனாவுக்கு, மீனாவும் என்று சொல்கிறோமே, அந்த வகரம் பிள்ளையின் பெயரில் இருக்கிறதா? இரண்டு உயிர் ஒலிகள் அடுத்தடுத்து வரும்போது நாக்கு தடுமாறாமல் இருக்க இடையில் ஒரு மெய்யை வைக்கிறோம். உடம்படுமெய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நமக்கு வகரமும் யகரமும். லண்டன்காரருக்கு ரகரம். ரீச்சர் போட்ட 'ர்' ஓர் உடம்படுமெய். இதைப் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். 'ரீச்சர் என்னைக் கெட்டவள் என்கிறா' என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டு வகுப்பில் இருப்பது பெரிய பாரம். முதலில் இறக்கிவைக்க வேண்டியது அதைத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இந்தப் பகிடி எல்லா ஊரிலும் எடுபடாது. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'ர்' ஒலியை அழுத்தமாகச் சொல்வார்கள். ரொறன்ரோவில் படிக்கும் ஒரு மீனாவின் காதில் 'மீனா' வேறு, 'மீனர்' வேறு. சொல்லும் சொல்லும் ஒத்து ஒலிப்பது என்பது மொழிக்குப் பொதுவான விஷயமாகத் தெரியும். உண்மையில் அது ஊருக்கு ஊர் மாறும் சங்கதி. ஓர் ஊரின் உச்சரிப்புக்காகப் பெயரை மாற்றினால், ஊர் மாறும்போதெல்லாம் மாற்றவேண்டி வரும்.

அடுத்தது 'மீன்' என்ற அந்த ஆங்கிலச் சொல். ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் மூன்று வேறு சொற்கள் அங்கே இருக்கின்றன. ஒன்றுக்கு 'பொருள்படு' என்று அர்த்தம். இன்னொன்று கணக்குப் பாடத்தில் வரும் சராசரி. நடுவில் இருப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. மூன்றாவதுதான் பிள்ளையை அழவைத்த சொல். அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பொதுவான, எல்லாருக்கும் உரிய' என்றுதான் பொருள். எல்லாருக்கும் உரியது என்பதிலிருந்து சாதாரணமானது ஆயிற்று. பிரபுக்கள் சாதாரண மக்களைப் பேசியபோது தாழ்ந்தது ஆயிற்று. பிறகு கஞ்சத்தனம், பிறகு கெட்ட குணம். பாவம் அந்தச் சொல், தவறு அதனிடம் இல்லை. நம் மொழியில் 'நாற்றம்' என்பது ஒரு காலத்தில் நறுமணம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம்.

நம் 'மீன்' இப்படிச் சரியவே இல்லை. கடலில் நீந்துவதும் மீன், வானத்தில் மின்னுவதும் மீன். மின்னுவதால் மீன் என்று சொல்வார்கள். சமஸ்கிருதத்தில் உள்ள 'மீன' என்ற சொல்லே திராவிட மொழியிலிருந்து போனது என்பது மொழியறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. பாண்டியரின் கொடியில் இருந்தது மீன். மதுரையில் இருப்பவள் மீன்போன்ற கண்ணுடையவள். சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் குறியை, விண்மீனையும் குறிக்கும் சொல் என்று வைத்து வாசித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா. அந்த வாசிப்பு இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் உலகின் மிகப் பழைய புதிர்களில் ஒன்றுக்குச் சாவியாக ஒருவர் நீட்டிய சொல், உங்கள் பேத்தியின் பெயருக்குள் இருக்கிறது.

சரி, நீங்கள் கேட்ட சொற்களுக்கு வருவோம். ஒன்றுகூட இல்லையா என்று கேட்டீர்கள். ஆங்கிலத்தில் இவ்வளவு எளிதாக ஒத்து ஒலிக்கும் சொற்கள் கிடைக்கும் தமிழ்ப் பெயர்கள் குறைவு.

'அரீனா' என்றால் அரங்கம். லத்தீனில் அதற்கு மணல் என்று அர்த்தம். ரோமர்கள் போட்டி அரங்கின் தரையில் மணல் பரப்பினார்கள், மணலின் பெயரே அரங்கத்துக்கு ஆகிவிட்டது. 'பலரீனா' என்றால் விரல்நுனியில் நின்று ஆடும் நடனக்காரி. ஏழு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். 'கொன்சர்ட்டீனா' என்பது கையில் பிடித்து விரித்து மூடி வாசிக்கும் சிறிய காற்றிசைக் கருவி. 'மரீனா' என்பது படகுத்துறை. சென்னைக் கடற்கரைக்கும் அந்தப் பெயர்தான். நம் வீணையை ஆங்கிலத்தில் 'வீணா' என்றுதான் எழுதுகிறார்கள், அதுவும் சேரும். 'செமொலீனா' என்றால் ரவை. நீங்கள் அவள் வரும்போது ரவை கிண்டிக் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது இதைச் சொல்லுங்கள். 'அத்தீனா' கிரேக்கரின் அறிவுத் தெய்வம். 'செரீனா' என்று சொன்னால் டென்னிஸ் வீராங்கனை நினைவுக்கு வருவார். 'ஆர்ஜென்ரீனா' நாடு. 'நொவீனா' என்பது ஒன்பது நாள் செபம். ஒன்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புளியந்தீவில் மரியன்னை பேராலயத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு நவநாள் என்றால் விளங்கும்.

'மீனர்' என்பதைப் போலவே 'ர்' விழுங்கப்படும் சொற்களும் உண்டு. 'கிளீனர்' சுத்தம் செய்கிறவர். 'கிறீனர்' இன்னும் பசுமையானது. 'கீனர்' இன்னும் ஆர்வம் கூடினவர். ஒரு 'மீனர்' இருந்தால் ஒரு 'கீனர்' இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தவை, மீனா என்ற ஒலியை முழுதாகவே தமக்குள் வைத்திருக்கும் சொற்கள். 'டிமீனர்' என்றால் ஒருவர் நடந்துகொள்ளும் விதம், தோரணை. நல்ல தோரணை உள்ளவரைப் புகழும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். 'பிலோமினா' என்ற பெயர் மட்டக்களப்புக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் அதை 'பிலமீனா' என்பார்கள். 'வில்ஹெல்மீனா' என்பது ஒல்லாந்தரின் அரசி ஒருவருடைய பெயர். நம் மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர். அந்தப் பெயரைச் சுருக்கி 'மீனா' என்று அழைப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1897இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலின் நாயகி பெயர் மீனா. புத்திசாலி, துணிச்சல்காரி. அங்கே எழுதுவது எம்-ஐ-என்-ஏ. அவள் வில்ஹெல்மீனா, உங்கள் பேத்தி மீனாட்சி. இரண்டு வேர், ஒரே ஒலி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கண்ணுக்கு ஒத்துத் தெரிவதெல்லாம் காதுக்கு ஒத்து வராது. கண்ணின் விழித்திரைக்கு 'ரெட்டினா' என்பார்கள். முடிவெழுத்துகள் 'மரீனா'வில் உள்ளவைதான். ஆனால் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் நடுவில் உள்ள ஈகாரம் குறுகிப்போகிறது, மீனாவோடு சேராது. 'ஸ்டமினா', 'பெனோமினா' இரண்டிலும் அழுத்தம் வேறு அசையில் விழுவதால் அவையும் சேராது. பிள்ளை இவற்றைச் சேர்த்துச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். அவர்கள் காது அதில் கூர்மையானது.

அது ஏன் என்றும் சொல்கிறேன். நம் செய்யுள் சொல்லின் தொடக்கத்தைப் பார்க்கும். மோனை முதலெழுத்தில், எதுகை இரண்டாம் எழுத்தில். கடைசியில் ஒத்து வருவது இயைபு, அதற்கு நாம் கொடுக்கும் இடம் குறைவு. ஆங்கிலக் குழந்தைக்குத் தாலாட்டிலிருந்து இயைபுதான். சொல்லின் வாலைப் பிடித்து அடுத்த சொல்லைத் தேடும் பழக்கம் பேசத் தொடங்கும்போதே வந்துவிடுகிறது. அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதியர் பிரித்தானியப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சையும் வசைப் பாட்டையும் ஊர் ஊராகச் சேகரித்து 1959இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். பெயரை வைத்துக் கட்டும் பகிடிப் பாட்டுகளும் அதில் உண்டு. அந்தப் பாட்டுகளில் அகப்படுவது அந்த நாட்டுப் பெயர்கள். அதாவது இது தமிழ்ப் பெயருக்கு மட்டும் நேர்கிற கதி என்று உங்கள் குடும்பம் நினைக்க வேண்டியதில்லை.

மருமகன் சொன்ன 'மியா'வையும் இதே காதால் கேட்டுப் பார்த்தேன். லண்டனில் 'மியர்' என்றால் 'வெறும்', 'அற்பமான' என்று பொருள், அதை 'மிய' என்றுதான் சொல்வார்கள். அதுமட்டுமல்ல, வயிற்றோட்டத்துக்கு 'டயரியா' என்பார்கள். 'மியா'வும் 'டயரியா'வும் அச்சாக ஒத்து ஒலிக்கும். 'மீனர்' கண்டுபிடித்த பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு பகல்கூட ஆகாது. மருமகன் மேல் எனக்கு வருத்தமில்லை. மகள் அழுதால் எந்தத் தகப்பனும் உடனே ஒரு வழி தேடுவார். ஆனால் அந்த வழியில் போனால் பிள்ளை கையிலிருந்து பெயரும் போய்விடும், பகிடியும் நிற்காது.

இனி, பெயரை மாற்றாமல் ஆங்கிலச் சொல்லையே துணைக்குக் கூப்பிட்ட ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த கமலா ஹரிஸ். தாய் சியாமளா கோபாலன் சென்னைக்காரி. மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் அவர்களின் பூர்வீக ஊர். அமெரிக்காவில் பலருக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. சிலர் 'கமாலா' என்றார்கள். 2020 தேர்தல் காலத்தில் செனற்றர் ஒருவர் மேடையில் அந்தப் பெயரை வேண்டுமென்றே சிதைத்துச் சொன்னது பெரிய சர்ச்சையானது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019இல் வெளிவந்த தன் சுயசரிதையிலேயே கமலா, தன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று விளக்கியிருந்தார். வாக்கியத்தின் நடுவில் போடும் 'காமா' இருக்கிறதே, அதோடு 'லா'வைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். 2024 ஓகஸ்டில் சிக்காகோவில் நடந்த கட்சி மாநாட்டில், அவருடைய உறவுக்காரச் சிறுமிகள் இருவர் மேடையேறி, மண்டபத்தில் ஒரு பாதிக்குக் 'காமா' என்றும் மறு பாதிக்கு 'லா' என்றும் சொல்லிக் கொடுத்து எல்லாரையும் உச்சரிக்க வைத்தார்கள். நான் அதைப் பார்த்தபோது ஒரு வகுப்பறையைப் பார்ப்பதுபோல இருந்தது. பெயருக்குரியவளின் வீட்டுப் பிள்ளைகள் ரீச்சர், பெரியவர்கள் மாணவர்.

இங்கேயும் ஊர் உச்சரிப்பு குறுக்கே வரும். அமெரிக்கர் அந்தக் குறியைக் 'காமா' என்பார்கள், அதனால் அந்த உபாயம் அங்கே வேலை செய்தது. நீங்களும் நானும் பள்ளியில் படித்தது பிரித்தானிய வழக்கத்துக் 'கொமா'. அதை வைத்துச் சொன்னால் 'கொமலா' ஆகிவிடும். ஆகவே உங்கள் பேத்திக்குத் தேவையான துணைச்சொல் லண்டனில் பலிக்கிற சொல்லாக இருக்க வேண்டும்.

நான் தெரிந்தெடுத்தது 'அரீனா'. "மீனா இன் தி அரீனா". மீனா அரங்கில் நிற்கிறாள் என்று அர்த்தம். மூன்று தடவை சொல்லிப் பார்த்தால் தாளம் தானாக வரும். யாராவது "மீனா மீனர்" என்று தொடங்கினால் அழாமல், கோபப்படாமல், இதைச் சொல்லி முடிக்கட்டும். பெயரோடு ஒத்து ஒலிக்கும் சொல்லைத் தேடும் விளையாட்டை மற்றவர்களைவிட நன்றாக விளையாடத் தெரிந்த பிள்ளையிடம் அந்த விளையாட்டு நெடுநாள் நீடிக்காது. 'ஹயீனா' என்றால் கழுதைப்புலி. அதற்கும் பதில் இருக்கிறது. புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் தலைமை பெண்ணுக்குத்தான். பெண் ஆணைவிட உருவில் பெரியது, கூட்டமே அதற்கு அடங்கி நடக்கும். இதைப் பிள்ளை வகுப்பில் சொன்னால் ரீச்சரே கேட்டு மகிழ்வார்.

இன்னொரு சின்னப் பயிற்சி. பெயரைச் சொல்லும்போது கடைசி ஆகாரத்தை அவளே குறுக்கிவிடக் கூடாது. லண்டன் பிள்ளைகளோடு பழகிப் பழகி அவளும் 'மீன' என்று சொல்லத் தொடங்கியிருப்பாள். 'ஸ்பா' என்ற சொல்லில் வருவதுபோல வாயைத் திறந்து, மீ-னா என்று நீட்டிச் சொல்லட்டும். அப்படிச் சொன்னால் 'மீனர்' என்ற சொல் கிட்டவும் வராது. வீட்டில் நீங்கள் அழைப்பதுபோலவே வெளியிலும் சொல்லவேண்டும், அவ்வளவுதான். கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், தொலைக்காட்சித் தொடரால் உலகம் முழுதும் தெரிந்த நடிகை, தன் பெயரைச் சரியாகச் சொல்லும்படி வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். அவர் பெயர் மீனாவைவிட எத்தனையோ மடங்கு கடினம்.

எழுத்தை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். எம், இரண்டு ஈ, என், ஏ. இப்போது இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல எழுத்து இந்தப் பெயருக்கு இல்லை. ஆங்கிலத்தில் இரட்டை ஈ வந்தால் வாசிக்கிறவர் அநேகமாக ஈகாரமாகவே சொல்வார். ஐ போட்டால் சிலர் 'சைனா'போல 'மைனா' என்று வாசிப்பார்கள். ஒற்றை ஈ போட்டால் 'மெனா' ஆகலாம். அதோடு, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் ஓர் எழுத்து, பள்ளியில் ஓர் எழுத்து என்று ஆகிவிட்டால் பிற்காலத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் 'இருவரும் ஒருவரே' என்று நிரூபிக்கும் வேலை பிள்ளை தலையில் விழும். தர்ஷினி என்ற ஒரே பெயரை அக்காவுக்கு 'டி'யில் தொடங்கியும் தங்கைக்கு 'டி-எச்'சில் தொடங்கியும் எழுதித் திண்டாடும் குடும்பங்களை நம் ஊரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை வைத்து வேறு சில வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணன் என்ற பெயர் அங்கே பீரங்கியைக் குறிக்கும் 'கனன்' ஆகக் கேட்கும். மணி பணமாகிவிடும். வேலு 'வல்யூ'வுக்குக் கிட்டப் போகும், மதிப்பு என்று பொருள், நல்லதுதான். உஷாவைத் திரையரங்கில் இருக்கை காட்டுகிறவர் என்ற அர்த்தத்தில் 'அஷ' என்பார்கள். மனம் நோக வைப்பது மாறன். முட்டாள் என்று பொருள்படும் 'மோரன்' என்ற சொல்லின் நிழல் அதன்மேல் விழுகிறது. ஆனால் அந்த வசைச்சொல் 1910இல் ஹென்றி கொடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கியது. மாறன் சங்ககாலப் பாண்டியர்களின் பெயர், நம்மாழ்வாரின் பெயர். இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் ஒன்று நேற்று வந்த வசைக்காக ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டு ஏ போட்டு எழுதி, 'மா' என்று வாய்திறந்து சொன்னால் போதும்.

மீண்டும் உங்கள் பேத்தியிடம் வருவோம். பகிடி சிரிப்போடு நிற்காமல் நாள்தோறும் தொடர்ந்தால், பிள்ளையைத் தனிமைப்படுத்தினால், அது சொல்விளையாட்டு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது மகள் காத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, மாணவரை மாணவர் துன்புறுத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு அரச பள்ளிகளில் இருந்தே ஆகவேண்டும். வகுப்பு ரீச்சரிடம் நேரே போய், நடந்ததைத் திகதியோடு சொல்லவேண்டும். வெளிநாட்டில் நம்மவர்கள் 'ஏன் பிரச்சினை' என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். பிள்ளை விஷயத்தில் அந்தக் கூச்சம் வேண்டாம்.

மகளிடம் இன்னொரு காரியமும் சொல்லுங்கள். 2016இல் வெளிவந்த 'சிங்' என்ற கார்ட்டூன் படத்தைப் பிள்ளையோடு இருந்து பார்க்கட்டும். சிங் என்றால் பாடு. அதில் ஒரு பதின்ம வயது யானைப்பெண் வருகிறாள். அருமையான குரல், ஆனால் மேடையைக் கண்டால் நடுக்கம். தாத்தாவும் வீட்டாரும் பாடு பாடு என்று ஊக்குவார்கள். கடைசியில் திறந்த அரங்கில், ஊரே பார்த்திருக்க, அவள் பாடுவாள். அந்த யானைப்பெண்ணின் பெயர் மீனா. அவளுக்குக் குரல் கொடுத்தவர் டோரி கெல்லி என்ற பாடகி. வகுப்பில் உள்ள பிள்ளைகள் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். தெற்காசியப் பிள்ளைகளுக்காக யுனிசெவ் 1990களில் உண்டாக்கிய கார்ட்டூன் சிறுமியின் பெயரும் மீனாதான். பல நாடுகளிலும் வழங்கும் பெயராக இருக்கவேண்டும் என்று தேடித் தெரிந்தெடுத்தது அது. பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடிக்கும் பெண் அவள்.

பாடுகிற மீனாவை 'சிங்' படத்தில் பார்த்தபோது எனக்கு உங்கள் வாவிதான் நினைவுக்கு வந்தது. மீன் பாடும் தேன்நாட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வாவிக்கு நடுவே படகில் போய், நீருக்குள்ளிருந்து எழும் அந்தப் பாட்டு ஓசையைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தன் இலங்கை நூலில் எழுதி வைத்தார். அந்த ஓசையை எழுப்புவது மீனா, ஊரி என்னும் நத்தையா, வேறொன்றா என்று இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஊரில் மூத்தவர்கள் ஊரி என்பார்கள். பிள்ளைக்கு அந்தப் பேச்சே ஒரு கதை.

வெளிநாட்டார் வாயில் நம் பெயர்கள் படும் பாடு உங்கள் ஊருக்குப் பழையது. மட்டக்களப்பு என்ற நல்ல தமிழ்ப் பெயரை அவர்கள் 'பட்டிக்கலோ' ஆக்கினார்கள். மகரமும் பகரமும் இதழில் பிறப்பவை, கேட்ட காது மாற்றிக் கேட்டுவிட்டது. கடிதத்திலும் வரைபடத்திலும் அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு மட்டக்களப்பாரும் தன் ஊரைப் பட்டிக்கலோ என்று தாயிடம் சொன்னதில்லை. பாலத்துக்கு ஆளுநர் மனைவியின் பெயரை வைத்து 'லேடி மனிங்' என்று எழுதினார்கள். எங்களுக்கு அது கல்லடிப் பாலம்.

அடுத்த விடுமுறைக்குப் பேத்தி வரும்போது, பருவம் பார்த்துக் கூப்பிடுங்கள். சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில், மழை இல்லாத, நீர் அசையாத நாட்களில், முழுநிலவு அன்று வாவி ஓசை நன்றாகக் கேட்கும் என்பார்கள். தெரிந்த தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து, கல்லடிப் பாலத்தடிக்கு அவளைக் கூட்டிப் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை அவள் காதில் வைக்கச் சொல்லுங்கள்.